சங்கிலித் துண்டொன்று கற்பித்த பாடம்

விழா மலரொன்றிற்குத் தமிழாசிரியர் எழுதப் புகுந்தால், பழந்தமிழ் நூலொன்றின் நயத்தையோ ஒழுக்கத்தின் உயர்வையோ எடுத்துரைப்பார் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். அவ்வெதிர்பார்ப்பை இம்முறை யாம் நிறைவேற்றவில்லை. யாம் எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார் சைக்கிள் சங்கிலித் துண்டொன்று. ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள அது, பழைய ஜீப் வண்டியொன்றின் கிளச்சை இயக்கி வருகின்றது. அதனைக் கண்ட நாள்தொட்டு, நமது கல்லூரி எதனைக் கல்வியென்று கொள்கின்றது என்னும் வினா எம்மை விட்டு நீங்கவில்லை.

சென்ற மாரியிலே, இக்கல்லூரியின் பழைய மாணவரும் எமது நண்பருமாகிய ஒருவரின் வயலைக் காணக் கிளிநொச்சிக்குச் சென்றிருந்தோம். அவரிடம் வில்லிஸ் ஜீப் ஒன்று உண்டு. அமெரிக்காவிலே 1953 ஆம் ஆண்டு தொடக்கம் 1968 ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட சீ.ஜே. 3பீ என்னும் வகையினது. நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தவல்ல அவ்வண்டி, உழவு இயந்திரத்தையன்றிப் பிற வாகனங்களை நம்பிச் செல்ல முடியாத சேற்றிலும் செல்லும். அன்று பாதி வழியில் நண்பர் கிளச்சு மிதியை அழுத்த, அஃது எதிர்ப்பேதுமின்றித் தரைவரை சென்று அப்படியே கிடந்தது. வண்டி ஓர் உதறலுடன் நின்றுவிட்டது.

நிகழ்ந்தது யாதெனிற் கூறுவாம். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் வேண்டும்போது இணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பே கிளச்சு. சாரதி மிதியை அழுத்தும்போது, அவ்வழுத்தம் எஞ்சினின் பின்புறக் கூட்டிலிருந்து வெளியே நீளும் கவரொன்றை அசைத்தல் வேண்டும். மிதியோ வண்டியின் சட்டகத்தைச் சார்ந்தது. கவரோ எஞ்சினைச் சார்ந்தது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மீது அமர்ந்திருத்தலால், கரடுமுரடான பாதையிலே அஃது ஒருவாறும் சட்டகம் வேறொருவாறும் அசையும். இவ்விரண்டற்கும் நடுவே பந்துமுனைகளில் அமர்ந்த குறுக்குக் குழாயொன்று விசையைக் கடத்துகின்றது. முனைகள் தேய்ந்து இறப்பரும் அமுங்கிவிட்டால், இடைவெளி மிகுந்து குழாய் கழன்று விழும். அன்று நிகழ்ந்ததும் அதுவே. எமக்கோ இடைச்சொல்லின் நினைவு வந்தது. தனித்து நின்று இயங்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆயினும் அதன் துணையின்றிப் பெயரும் வினையும் பல இடங்களிற் பொருந்தி நிற்றலுமில்லை.

உழவு இயந்திரமொன்றினாற் கட்டியிழுத்து, அண்மையிலிருந்த கராச்சொன்றில் வண்டியைச் சேர்த்தோம். அங்கிருந்த இளைஞர் கீழே படுத்துப் பார்த்தார். அவ்வுதிரிப்பாகம் எளிதிற் கிடையாதென்றும், கிடைப்பினும் அதே குறை மீளவும் நேருமென்றும் கூறினார். பின்னர்ச் சாந்துத் தரையிலே வெண்கட்டியாற் படமொன்று வரைந்தார். மிதியின் கை அச்சிலிருந்து 12 அங்குலம். இழுக்கும் கை 2 அங்குலம். எனவே காலின் விசை ஆறு மடங்காகும். ஆனால் மிதி 6 அங்குலம் சென்றால் இழுவை 1 அங்குலமே நகரும். கவருக்கு வேண்டிய அசைவை அளந்து, அஃது அதற்குட் போதும் என்று கண்ட பின்னரே கருவியைக் கையிலெடுத்தார்.

கோலுக்கும் குழாய்க்கும் பதிலாக அவர் தெரிந்தெடுத்தது சங்கிலி. அது வளையும், ஆதலின் எஞ்சின் சற்று அசைந்தாலும் கழன்று விழாது. நண்பர் பழைய சங்கிலியொன்றை எடுத்து நீட்ட, இளைஞர் அதனை மறுத்துவிட்டார். தேய்ந்த சங்கிலி ஒவ்வோர் ஊசியிலும் சிறிது சிறிதாக நீளும். நீண்டால் கிளச்சு முற்றாகப் பிரியாது, கியர்ப் பற்கள் அரைபடும் என்பது அவர் தந்த விளக்கம். 428 என்னும் எண்ணுடைய, கண்ணிக்குக் கண்ணி அரை அங்குல இடைவெளி கொண்ட புதிய சங்கிலியை வெட்டியெடுத்தார். இத்தகைய சங்கிலி ஒரு தளத்தில் மட்டுமே மடங்குமாதலால், அது வளையுமிடத்துச் சிறு கப்பியொன்றை இழுவையின் நேர்க்கோட்டிலேயே சட்டகத்திற் பொருத்தினார். சங்கிலி இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆகவே மிதியை மீட்பதற்கு வில்லொன்று பூட்டினார். மறுமுனையில் மரையிட்ட கொளுக்கியும் இரண்டு சுரைகளும் அமைத்து நீளத்தைச் சரிசெய்ய வழிவைத்தார். இறுதியாக மிதியின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1 அங்குலம் வெறும் அசைவு விட்டார். அவ்விடைவெளி இல்லையேற் கிளச்சு எந்நேரமும் அரைகுறையாக அழுத்தப்பட்டு, வழுக்கிச் சூடேறிக் கருகிவிடும்.

யாம் வியந்து, “இவ்வளவு எளிதாயின் பிரேக்குக்கும் இவ்வாறே செய்யலாமே!” என்றோம். அவர் தலையை அசைத்தார். “கிளச் சங்கிலி அறுந்தால் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை நிப்பாட்டலாம் சேர். பிரேக் அறுந்தால் எதைப் பிடிக்கிறது? அதுக்கு நான் கைவேலை செய்யமாட்டன்” என்றார். தன் திறமையின் எல்லையையும் அறிந்து நிற்றலே அறிவாயின், அன்று அக்கராச்சிலே யாம் கண்டது அறிவேயாகும்.

புறப்படும் வேளையில் அவர், “என்னைத் தெரியுதோ, சேர்?” என்று வினவினார். எமக்குத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எமது பத்தாம் வகுப்பில் இருந்தவராம். புணர்ச்சி விதிகளைப் பிழையாக எழுதிய ஒருநாள், “நீ கராச்சிலே குறடு பிடிக்கத்தான் தகுதி” என்று யாம் வகுப்பறிய ஏசினோமாம். அதனை அவர் சிரித்துக்கொண்டே கூறினார். உரிய கூலியையும் எண்ணி வாங்கிக்கொண்டார். அவர் சினந்திருந்தால் எமக்கு இத்துணை நாணம் ஏற்பட்டிராது. குறடு பிடித்தலை வசைமொழியாக வழங்கியவர் யாம். அதனை மாணவர் நாற்பதின்மர் கேட்டிருந்தனர். அவர்களும் அதனைப் பாடமாகவே கற்றிருப்பர்.

இவ்விழுக்கு எம் ஒருவருக்கு மட்டும் உரியதெனின் இம்மலரில் இதனை எழுதியிரோம். நமது சமூகமே தன் வரலாற்றை மறந்து நிற்கின்றது. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்ட பின்னர் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலும் மின்கலமும் வருவது தடைப்பட்டது. அன்று சிறுவராயிருந்த யாம் கண்டவை இன்றும் கண்முன் நிற்கின்றன. துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதிசுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டனர். ஜாம் போத்தலில் நூல்திரியிட்டு எரித்த விளக்கொளியில் யாம் பரீட்சைக்குப் படித்தோம். அவ்விளக்கைச் செய்தவர்க்குப் பட்டமுமில்லை, பதக்கமுமில்லை. அதன் ஒளியிற் படித்துப் பட்டம் பெற்றவர்களோ அவரை மறந்தனர்.

அக்காலம் கழிந்ததென்று சொல்வாரும் உளர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் நாடு முழுவதும் பழைய வண்டிகளிலேயே ஓடியது. அவற்றை ஓடச் செய்தவை திருத்துநரின் கைகளே. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் இந்நாடு கற்ற பாடங்களுள் இஃது ஒன்றாயிருத்தல் வேண்டும்.

பாடத்திட்டம் இதனை அறியாததன்று. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குக் கொணர்ந்தது, அவை நிலைக்கவில்லை. 2013 ஆம் ஆண்டில் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை வந்தது. 2017 ஆம் ஆண்டிற் பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வியும் தொடங்கிற்று. நல்லனவே. ஆயினும் நம்மிடையே அவை எவ்வாறு கொள்ளப்படுகின்றன? விஞ்ஞானமும் கணிதமும் எட்டாதவர்க்கு உரியவை என்றன்றோ பெற்றாரும், ஆசிரியராகிய யாமும் கருதுகின்றோம்? இக்கருத்து மாறாதவரையிற் பாடத்தின் பெயரை மாற்றுவதாற் பயனில்லை.

கைவேலையைப் புகழ்தல் அரைகுறை வேலையைப் புகழ்தலாகும் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானதே. ஏதோ கட்டி, எப்படியோ ஒட்டி அனுப்பிவிடும் வழக்கம் உயிர்ப்பலி கொள்ளும். அதற்கு மருந்து கைவேலையைத் தள்ளிவைத்தலன்று, முறைப்படி கற்பித்தலே. அவ்விளைஞர் வெண்கட்டியால் வரைந்தது நெம்பின் விதி. அதனை நம் மாணவர் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். கழன்ற மிதியொன்றைக் கண்டால் அவ்விதி அங்கே உண்டென்பதை அறியார். அவரோ எங்கே துணியலாம், எங்கே துணியலாகாது என்பதையும் அறிந்திருந்தார்.

இனி, பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் ஒன்று. விழாவின் நினைவாக வளைவு அமைப்போமா, மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்புவோமா என்று ஆலோசனை நடைபெறுவதாக அறிகின்றோம். அவற்றோடொப்பச் சிறு செலவிலே ஒரு தொழிற்கூடம் அமையுங்கள். தகரக் கூரையொன்று, உறுதியான மேசை, அதிலே ஒரு பிடிகருவி, நல்ல ஆயுதங்கள் சில, கழற்றிப் பூட்டுதற்குப் பழைய எஞ்சினொன்று, இவை போதும். சனிக்கிழமைகளில் விரும்பிய மாணவர் அனைவரும் அங்கு வரட்டும். மருத்துவராக விரும்புபவனும் வரட்டும். பரீட்சை வேண்டா, புள்ளியும் வேண்டா. கற்பிப்பதற்கு நம் பழைய மாணவர்களுள் கராச்சு வைத்திருப்போரையும், தச்சரையும், மின்வேலை செய்வோரையும் அழையுங்கள். பரிசளிப்பு விழாவிலே மருத்துவர்க்கும் பொறியியலாளர்க்கும் அருகே அவர்களுக்கும் ஆசனம் இடுங்கள்.

ஆண்டுதோறும் வாணி விழாவிலே நூல்களை அடுக்கிப் பூச்சூட்டி வணங்குகின்றோம். அதே நாட்களில் கராச்சுக்களிலே ஆயுத பூசை நடைபெறுகின்றது. நம் முன்னோர் இரண்டையும் ஒரே விழாவில் வைத்தனர். நாமோ நூலை மண்டபத்திலும் குறட்டைத் தெருவிலுமாகப் பிரித்தோம். வருகின்ற வாணி விழாவிலே எமது இலக்கண நூலின் பக்கத்தில் ஒரு குறடும் இருத்தல் வேண்டும். அதனைக் கொணர்ந்து வைக்குமாறு அவ்விளைஞரையே கேட்டிருக்கின்றோம். வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அன்று வகுப்பறிய ஏசியவர், மண்டபமறிய அவரை வரவேற்பர்.