கை பேசும் வீட்டில் கைப்பேசி



சென்ற இதழில் இப்பகுதியில் இரயில் முன்பதிவையும் காத்திருப்போர் பட்டியலையும் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் என்னைக் கண்டார். "இரயிலில் ஊருக்குப் போவது இருக்கட்டும். போக முடியாத நாள்களில் ஊரில் இருப்பவரின் முகத்தைத் தெளிவாகக் காண வழி எழுதுங்கள். நல்ல விலை கொடுத்துக் கைப்பேசி வாங்கியும், அம்மாவின் முகம் புகைமூட்டத்தில் இருப்பது போலத் தெரிகிறதே!" என்றார். எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஆயினும், இதனை எழுதப் புகும்போது என் பிழை ஒன்றையும் கூறியாக வேண்டியுள்ளது. அதனை மறைத்துவிட்டு அறிவுரை மட்டும் கூறுவது முறையன்று.

நான் விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்திற்கு மேலே உள்ள மேட்டுத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். நாள்தோறும் பேருந்தில் திருவனந்தபுரம் சென்று இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி செய்து திரும்புகிறேன். நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூரில் என் அம்மாவும் அக்காளும் இருக்கின்றனர். அக்காளுக்குப் பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளியில் படித்தவள். எழுதப் படிக்க அறிவாள். எனினும் அவளுக்கு மொழி என்பது கைகளே. எங்கள் வீட்டில் அனைவரும் சிறு வயது முதல் அம்மொழியில் பேசிப் பழகியவர்கள்.

தொலைபேசியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1876-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் காதுகேளாதோருக்கு ஆசிரியராக இருந்தவர். அவர் தாயாருக்கும் செவித்திறன் குறைவு. பின்னர் அவரை மணந்த மனைவியாருக்கும் காது கேளாது. அத்தகையவரின் கருவியே அவ்விருவருக்கும் பயன்படாது போயிற்று! படத்துடன் பேசும் தொலைபேசி தோன்றிய பிறகே கை மொழிக்கு அதன் கதவு திறந்தது. செருமனியில் 1936-இல் பெர்லின், லைப்சிக் நகரங்களுக்கிடையே அத்தகைய சேவை நடந்தது. அமெரிக்காவில் 1964-இல் மூன்று நகரங்களுக்கிடையே தொடங்கினர். அங்கு நியூயார்க்கிலிருந்து வாசிங்டனுக்கு மூன்று நிமிடம் பேச 16 டாலர் கட்டணம், ஏழைக்கு எட்டுமா? இன்று நம் சட்டைப் பையில் அக்கருவி உள்ளது. வாட்ஸ்அப்பில் 2016 நவம்பரில் காணொளி அழைப்பு வந்த பின்னரே என் அக்காளும் நானும் எழுத்தை விட்டுவிட்டு, எங்கள் சொந்த மொழியில் தொலைவிலிருந்து பேசத் தொடங்கினோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு. மணி பதினொன்று இருக்கும். அக்காளிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் தலைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. முகம் இருளில் இருந்தது. அவள் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினாள். தூக்கம் என்று பொருள். பிறகு அம்மாவின் கட்டிலைச் சுட்டினாள். அத்துடன் படம் உறைந்து நின்றது. மீண்டும் அசைந்தபோது அவள் விரல்கள் புகை போலக் கலைந்து தெரிந்தன. 'அம்மா தூங்கிவிட்டாள்' என்கிறாள் என நான் எண்ணினேன். 'நல்லது, நீயும் தூங்கு' என்று ஒற்றைக் கையால் காட்டிவிட்டு அழைப்பை முடித்தேன்.

இருபது நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி அழைத்தார். அம்மாவை எத்தனை முறை அசைத்தும் எழவில்லை. அக்காள் ஓடிச் சென்று அவர் கதவைத் தட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. அன்று மாத்திரையை உண்டு, உணவைச் சரிவர உண்ணாமல் படுத்ததால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி மீட்டனர். இன்று நலமாக இருக்கிறாள். ஆயினும், அந்த இருபது நிமிடம் என்னால் போயிற்று.

என் மனைவி, "மதினி சொல்லாமலா இருந்தார்கள்? நமக்குத்தானே தெரியவில்லை" என்றாள்.

அந்த வாரமே ஊருக்குச் சென்றேன். அன்று காட்டியதை மறுபடியும் காட்டும்படி அக்காளைக் கேட்டேன். தூக்கம், கட்டில், தோளைப் பிடித்து உலுக்குதல், 'இல்லை' என்று உள்ளங்கையை விரித்தல். முதல் இரண்டு எனக்கு எட்டின. பின் இரண்டும் உறைந்த படத்துக்குள் போயின. அவள் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். 'அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தது. அதனை இயக்கி வைத்தவன் நானே! பொங்கலுக்குச் சென்றபோது, மாதச் செலவில் சில ரூபாய் மிச்சமாகட்டும் என்று செய்த சிக்கனம் அது. ஒரு சொல்லுக்கும் அதன் மறுப்புக்கும் இடையே அந்தச் சிக்கனம் வந்து நின்றது.

அதன் பின்னர் படித்தும் செய்துபார்த்தும் கற்றவற்றை வரிசையாகக் கூறுகிறேன். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதுக் கைப்பேசி வேண்டுவதில்லை.

முதலாவது, ஒளி. கைப்பேசியின் கண் ஒளி குறைந்த இடத்தில் ஒவ்வொரு படத்தையும் எடுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கை அசைந்துவிட்டால் விரல்கள் கலைந்துவிடும். விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையும் குறையும். ஆகவே விளக்கு நமக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருத்தல் ஆகாது. பகலில் சன்னலை நோக்கி அமருங்கள். அக்காள் கைப்பேசி வைக்கும் மேசைக்கு மேலே, எதிர்ச் சுவரில், 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினேன். பாதிக் குறை அன்றே தீர்ந்தது.

இரண்டாவது, கண்ணாடி. விழிஞ்ஞத்தில் உப்புக் காற்று எதனையும் விடுவதில்லை. எண்ணெய்க் கையும் சேர்ந்தால் கைப்பேசியின் கண்மேல் மெல்லிய படலம் படியும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பேசுங்கள். 'புகைமூட்டம்' என்று அன்பர் கூறினாரே, முதலில் இதனைச் செய்து பார்க்கட்டும். சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் இருக்கும்போது கம்பியைச் செருகாதீர்கள். அது விரைவில் அரித்துவிடும்.

மூன்றாவது, நிலை. கையில் பிடித்துப் பேசினால் படம் ஆடும். கை மொழி பேசுவோருக்கோ ஒரு கை பிடியிலே போய்விடும். பாதி வாய் மூடியது போலாகும். கடையில் சிறு தாங்கி கிடைக்கும். இல்லையேல் படி நிறைய அரிசி இட்டு அதன்மேல் சாய்த்து வையுங்கள், அசையாது. மார்பு உயரத்தில், தலை முதல் இடுப்பு வரை தெரியும் தொலைவில் இருத்தல் வேண்டும். பின்புறத்தை மங்கலாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது பல வேளைகளில் விரல்களையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

நான்காவது, அமைப்புகள். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பகமும் டேட்டாவும் என்ற பகுதிக்குச் சென்று, அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்பதை அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் பேட்டரிச் சேமிப்பும் டேட்டாச் சேமிப்பும் இயங்கினால், பேசும் வேளையில் அவற்றையும் அணையுங்கள். வீட்டில் முதியோர் கைப்பேசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் நீங்களே திறந்து பாருங்கள். அவர்கள் அறியாமல் ஏதேனும் மாறியிருக்கும். என்னைப் போன்ற புத்திசாலி எவரேனும் மாற்றியும் இருப்பார்.

ஐந்தாவது, இணைப்பு. நம்மிடம் வந்து சேரும் படத்தின் வேகம் ஒன்று. நம்மிடமிருந்து செல்லும் படத்தின் வேகம் மற்றொன்று. வேகத்தைச் சோதிக்கும்போது பலரும் முதலாவதை மட்டும் பார்த்து மகிழ்வர். நம் முகம் அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் இரண்டாவதே முக்கியம். தெளிவான படத்துக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மெகாபிட் வேண்டும். தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் அலை தளரும். வீட்டினுள் நடந்து பார்த்து, நன்றாகக் கிடைக்கும் சன்னலோரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வைஃபை உள்ளவர்கள் ரூட்டரை இரும்புப் பீரோவின் பின்னே மறைக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்சு அலை விரைவு. சுவர் தாண்ட வேண்டுமாயின் 2.4 கிகாஹெர்ட்சு அலையே உதவும்.

செலவையும் கணக்கிடுவோம். ஒவ்வொரு திசையிலும் 1.5 மெகாபிட் என்று கொண்டால், அரைமணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ 675 மெகாபைட் ஆகும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் உள்ள திட்டத்தில் இது பாதிக்கும் குறைவே. ஆகவே திரைப்படத் துணுக்குகளைப் பார்ப்பதில் சிக்கனம் காட்டுங்கள். ஊர் அழைப்பில் காட்டாதீர்கள்.

ஆறாவது, ஓசை. கடற்காற்று பேசும் துளையில் புகுந்தால் எதிர்ப்புறத்தில் இரைச்சலே கேட்கும். தென்மேற்குப் பருவ மழை தகரக் கூரையில் விழும்போதும் அவ்வாறே. கம்பியுள்ள காதுபேசியைப் பயன்படுத்தினால் அதன் ஒலிவாங்கி வாயருகே இருக்கும். முதியோர் செவிக்கு நம் சொல் தெளிவாக எட்டும்.

ஒரு கருத்தை இங்கு அழுத்திக் கூற விரும்புகிறேன். படம் கூர்மையாக இருப்பது வேறு. தடையின்றி ஓடுவது வேறு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999-இல் சைகை மொழி உரையாடலுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விநாடிக்கு 20 படங்கள் இருந்தால் சைகை நன்கு விளங்கும். 12-க்குக் கீழே இறங்கினால் பயன் மிகவும் குன்றும் என்பது அதன் சாரம். ஆகவே அலை தளர்ந்த நாளில் கூர்மையை விட்டுக்கொடுக்கலாம், ஓட்டத்தை விடலாகாது. வீட்டில் மற்றவர்கள் பார்க்கும் காணொளிகளை அவ்வேளை நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் இல்லத்தில் அனைவருக்கும் செவி நன்றாக இருக்கலாம். அதனால் இது உங்களுக்கு வேண்டாத செய்தி ஆகிவிடாது. காது மந்தமான தாத்தா உதட்டசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார். பேரக்குழந்தையின் உடலில் தோன்றிய தடிப்பைப் பாட்டிக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. நடுவண் அரசின் இ-சஞ்சீவனிச் சேவையில் 2020 முதல் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் காணொளியில் பேசும் வழி வந்துள்ளது. மங்கிய படத்தைக் கொண்டு மருத்துவர் எதனைக் கண்டறிவார்?

இறுதியாக, எந்தக் கருவியும் செய்யாத ஒன்று உண்டு. அதனை என் துறையிலிருந்தே கற்றேன். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்கு வண்டியைப் பற்றித் தொலைபேசியில் செய்தி கூறினால், இருவரும் அச்செய்தியை உறுதிசெய்து, 'பிரைவேட் நம்பர்' எனும் எண்ணைப் பரிமாறிக் குறித்துக்கொள்வர். 'கேட்டிருப்பார்' என்ற ஊகத்தின்மேல் வண்டியை விடுவதில்லை. இவ்வழக்கத்தை நாள்தோறும் அறிந்திருந்தும், அவ்விரவில் அக்காள் காட்டியதைத் திருப்பிக் காட்டி 'இதுதானே?' என்று கேட்கத் தவறினேன். இப்போது எங்கள் இல்லத்தில் அது விதியாயிற்று. படம் உறைந்தால், உறைந்த இடத்திலிருந்து மறுபடியும் கேட்க வேண்டும். செய்தியைத் திருப்பிக் காட்டி, அவள் தலையசைத்த பின்னரே அழைப்பை முடிக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரே சைகை ஒன்றையும் வகுத்துக்கொண்டோம். அண்ணாச்சியின் எண்ணும் என் கைப்பேசியில் முதலிடத்தில் உள்ளது.

நேரலையாக ஒன்றைக் காட்டுவது பற்றியும் அன்பர்கள் கேட்கிறார்கள். 2025 சூன் 9-ஆம் நாள் 'எம்.எஸ்.சி. ஐரினா' என்ற சரக்குக் கப்பல் நம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களுள் ஒன்று. ஊரெல்லாம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நின்றது. நான் கைப்பேசியை ஒரு மதிற்சுவர்மேல் கிடையாகச் சாய்த்து வைத்து, பின்புறக் கண்ணால் காட்டினேன். முன்கண்ணைவிட அதுவே பெரும்பாலும் தெளிவு. சார்ஜ் நிறைவாக ஏற்றியிருந்தேன். இடையில் வேறு அழைப்பு வந்து குலைக்காதிருக்க, 'தொந்தரவு செய்யாதே' அமைப்பையும் இயக்கியிருந்தேன். உறவினர் மட்டும் காண வாட்ஸ்அப் குழு அழைப்பே போதும். 32 பேர் வரை சேரலாம். உலகறிய ஒளிபரப்ப வேண்டிய தேவை எல்லா வீட்டுக்கும் இல்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்தவாறு கப்பலைப் பார்த்தாள். அக்காள் எதிர்விளக்கின் ஒளியில் அமர்ந்து, நம் தெரு எத்தனை சேர்ந்தால் அக்கப்பல் ஆகும் என்று கைகளால் கேட்டாள். ஒவ்வொரு விரலும் எனக்குத் தெரிந்தது. நானும் இரு கைகளாலும் விடை சொன்னேன். பின், வழக்கம்போல, 'அம்மா மாத்திரையும் உணவும் உண்டாளா?' என்று வினவினேன். 'உண்டாள்' என்று காட்டினாள். அதனைத் திருப்பிக் காட்டினேன். தலையசைத்தாள்.

அன்பர்களே, இந்த ஞாயிறன்று ஊருக்கு அழைக்கும்போது, முதலில் அங்குள்ள விளக்கு எப்பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த இதழில், ஊரிலுள்ள முதியோரின் மருந்துச் சீட்டுகளை ஒழுங்காகத் தொகுத்து வைப்பது பற்றி எழுதுவேன். வணக்கம்.