அப்பாவின் பிஎஃப் பணம் நகைக்கடைக்குப் போகலாமா?

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இருந்து அப்பா ரிட்டையர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரு தொகை கைக்கு வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் வருகிறது: "பேங்க்ல போட்டா என்னப்பா கிடைக்கும்? பவுனா வாங்கி வச்சிடலாம்னு இருக்கேன்."

பருத்தியும் சின்ன வெங்காயமும் விற்ற காசை நகையாக்கியே பழகிய பெரம்பலூர் வீடுகளிலும் இதே பேச்சுதான். அண்மை வருடங்களில் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தால் அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் மகன் 'சரிப்பா' சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

10 லட்சம் ரூபாய்க்கு நகை எடுக்கிறார்கள். செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம், அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால், உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பு சுமார் 8.67 லட்சம். கடைப் படி இறங்கும்போதே 1.33 லட்சம் போச்சு. விலை 15 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். விற்கப் போகும்போது கல் எடை, அழுக்கு என்று கழிப்பது தனி.

அதுவும் விற்றால்தானே! வீட்டு நகையை விற்க அம்மா அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்க மாட்டார். ஆஸ்பத்திரி செலவு வந்தால் நகை அடகுக்குத்தான் போகும். சொந்தப் பணத்தை எடுக்கவே வட்டி கட்டும் நிலை.

"தங்கம் இறங்கவே இறங்காது" என்பதும் உண்மையில்லை. 2012 கடைசியில் சுத்தத் தங்கம் கிராம் 3,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 2015 நவம்பரில் மத்திய அரசின் முதல் தங்கப் பத்திரம் வந்தபோது கிராம் விலை 2,684 ரூபாய். அந்தப் பத்திரம் 8 வருடம் கழித்து 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது என்பதும் நிஜம்தான். 30 வயதுக்காரர் 8 வருடம் காத்திருப்பார். மாதாமாதம் மளிகையும் மருந்தும் வாங்க வேண்டிய 60 வயதுக்காரர்?

இங்கேதான் பென்ஷன் கணக்கு முக்கியம். 15,000 ரூபாய் சம்பள வரம்பில், 35 வருட சர்வீஸ் கணக்கானாலும் இபிஎஸ் பென்ஷன் மாதம் 7,500 ரூபாய்தான். நகை மாதம் ஒரு ரூபாய்கூடத் தராது. அதே 10 லட்சத்தை தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். சேரும் நாளின் வட்டிதான் 5 வருடத்துக்கும் என்பதால் அன்றைய விகிதத்தை விசாரித்துக்கொள்ளலாம். மாதச் செலவுக்கான ஏற்பாடு முதலில். மீதியில் பத்தில் ஒரு பங்கு தங்கத்துக்குப் போனால் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து "தங்கத்துல போடுங்க, மாசாமாசம் லாபம் தர்றோம்" என்ற பேச்சு. இரண்டு ஊருக்கும் பக்கத்தில் இருக்கும் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ், அதிக லாபம் தருவதாகச் சொல்லி தங்க முதலீட்டுத் திட்டத்தில் 100 கோடி ரூபாய் திரட்டியதாகப் புகார் எழுந்து, 2023 நவம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. பீரோவில் தூங்கும் தங்கம் குட்டி போடாது. போடும் என்று ஒருவர் சொன்னால், பழைய ஆளுக்குத் தரும் லாபம் புது ஆளின் பணமா என்று கேட்க வேண்டும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கையும் நகையாக வாங்க வேண்டியதில்லை. அரசுத் தங்கப் பத்திரத்தின் கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியோடு சரி. இப்போது எளிய வழி கோல்டு இடிஎஃப். செய்கூலி இல்லை, வேண்டும்போது விற்கலாம். டீமேட் கணக்கு மட்டும் வேண்டும், அதை மகன் திறந்து கொடுக்கலாம். ஆப்பில் 10 ரூபாய்க்கு விற்கும் 'டிஜிட்டல் கோல்டு' வேறு. அது தன் கண்காணிப்புக்குள் வராது என்று செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. வங்கியில் காசு வாங்கினால், வங்கி அதைத் திரும்ப வாங்காது என்பதும் பலருக்கு விற்கும் நாளில்தான் தெரிகிறது.

இவ்வளவு சொல்லியும் அப்பா "கையில இருந்தாத்தான்ப்பா தங்கம்" என்றால், ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி முத்திரையை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் சரிபார்த்து, கல் இல்லாததாக வாங்கச் சொல்லலாம். பணம் கட்டும் முன் கவுன்ட்டரில் ஒரே ஒரு கேள்வி: "இதையே இன்னிக்குத் திருப்பிக் கொடுத்தா கையில எவ்வளவு தருவீங்க?" பதிலை பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.