எழுந்து நடக்கச் சொல்கிறார்களே!

நாள் குறித்துச் செய்த ஸிஸேரியன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து, "எங்கே, மெள்ள எழுந்து நாலடி நடங்கள், பார்க்கலாம்!" என்கிறார். பாட்டிக்கு வருகிறதே கோபம்! "பச்சை உடம்புக்காரி அம்மா! தையல் பிரிந்துவிட்டால்?"

இந்த வழக்கில் நான் நர்ஸ் கட்சிதான். காரணம், தாயின் ரத்தத்திலேயே இருக்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அத்தனை குழாய்களின் வாயும் அடைபட வேண்டுமல்லவா? கருப்பை இறுகிச் சுருங்குவது முதல் காவல். ரத்தம் உறைவது இரண்டாவது காவல். இதற்கான ஏற்பாடு பிரசவத்துக்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறது. உறைவதற்கு வேண்டிய 'ஃபைப்ரினோஜன்' என்ற புரதம் மற்றச் சமயங்களில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம். கர்ப்பத்தின் கடைசியில் 4 முதல் 6 கிராம்! உறைவதற்குக் கடிவாளம் போடும் 'புரோட்டீன் எஸ்' குறைந்துவிடுகிறது. ஆபரேஷனில் ரத்தம் சேதமாவதாலும், ஸலைன் ஏற்றுவதாலும் ஃபைப்ரினோஜன் சற்று இறங்கும். சில நாளில் மறுபடி ஏறிவிடும்.

சங்கடம் இங்கேதான். குழந்தை பிறந்த பிறகும் இந்த உறையும் சுபாவம் ஆறு வாரம் வரை முழுதும் போவதில்லை. போதாததற்கு ஆபரேஷன் வேறு. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் தேங்கிக் கட்டிப்படலாம். பெரும்பாலும் இடது காலில்தான். ஏனெனில் அந்தக் காலிலிருந்து வரும் ரத்தக்குழாயின்மேல், வலது காலுக்குப் போகும் தமனி இடுப்புக்குள் குறுக்கே ஏறி அழுத்துகிறது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

பூண்டுக் குழம்பில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், 'தண்ணீர் கொடுக்காதே' என்ற கட்டளையை மட்டும் பாட்டி வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் குறைந்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். சிலருக்கு டாக்டர் ஹெப்பாரின் ஊசி போடச் சொல்வார். அது தாய்ப்பாலில் கலக்காது. தைரியமாகப் பால் கொடுக்கலாம். உங்களுக்கோ, உங்கள் தாயாருக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ முன்பு ரத்தக்கட்டி வந்திருந்தால், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, 'வாயுவாக இருக்கும்' என்று பெருங்காயம் கரைத்துக்கொண்டிராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைக்கு ஐந்தாவது வாரம் நடந்தாலும் சரி, பிரசவமான தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.