நிலைபெறும் வாதம் எது?

வாதத்தில் வெல்வது ஒன்று. வென்ற வாதம் நிலைபெறுவது வேறொன்று. இவ்வேறுபாட்டை அறிதல் மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தின் உறுப்புகளை வகுத்து, அவற்றின் போலிகளையும் காட்டுகிறார். 1995இல் பான் மின் துங் என்னும் கணினியியல் அறிஞர் வேறொரு வழி கண்டார். உறுப்புகளை விடுத்து, எவ்வாதம் எதனை மறுக்கிறது என்னும் உறவை மட்டும் நோக்கினார். மறுப்பற்ற வாதம் நிற்கும். அதனால் மறுக்கப்பட்டது வீழும். மறுத்தது வீழ்ந்தால் மறுக்கப்பட்டது மீண்டெழும். புதிய வாதமொன்று வந்து சேரின் எவை நிலைக்கும், எவை சரியும் என்பது அவர்வழி வந்தோர் ஆராயும் வினா.

இக்கணக்கை நம் பாலாற்றங்கரையிலேயே போட்டுப் பார்க்கலாம். "தோல் தொழில் வேலையும் அந்நியச் செலாவணியும் தருகிறது, அதனைத் தடுத்தலாகாது" என்பது முதல் வாதம். "கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது" என்னும் மறுப்பு அதனை வீழ்த்துகிறது. "பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துவிட்டோம்" என்றதும் அது நிமிர்கிறது. "அந்நிலையம் அழுக்கைக் குறைக்கும், கரைந்த உப்பைப் போக்காது" என்னும் ஒரு செய்தி வர, மீண்டும் சரிகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் பந்தல் அது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996இல் தீர்ப்பளித்தது. தொழிலின் பயனை அது மறுக்கவில்லை. பயன் உண்டென்பதால் இயற்கையை அழிக்கும் உரிமை பிறவாது என்றது. தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பையும் தொழில் நடத்துவோர்மீதே வைத்தது. 30-1-2025இல் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கப் பணித்தது. இடையில் நிலையங்கள் வந்தன, தொழில்நுட்பம் மாறியது, மாசுபடுத்தியவரே ஈடுசெய்க என்னும் நெறி மாறவில்லை. ஏன்? அந்நெறி எந்த ஒரு நிலையத்தின் திறத்தையும் சார்ந்து நிற்கவில்லை.

நம் சமுதாயத்தில் இத்தொழிலால் உலையேறும் வீடுகள் பல. தொழில் வாழ வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆதலின், "வேலை தருகிறோம்" என்னும் வாதத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றைச் சேராமல், உப்பைப் பிரித்து, நீரை மீளப் பயன்கொண்டு, அதன் அளவீட்டை ஊரறிய வைக்கும் தொழிலுக்கு நாளை எழும் மறுப்பும் அச்சமன்று.

மாணவச் செல்வங்களே! பட்டிமன்ற மேடையில் கைதட்டல் ஓய்ந்தபின் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஒரு செய்தி வந்தால் நம் வாதம் வீழும்? அதனை எதிரணிக்கு முன்னரே தேடிக் காண்பவரே வாதத்தில் வல்லவர்.