ஐ7 வாங்கி யாருக்குக் காட்டப் போறீங்க?

நம்ம ஆளுங்க அந்தமானில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ற லட்சணத்தைப் பார்த்தா வயிறு எரியுது சாமி. பையன் படிப்புக்குன்னு 50 ஆயிரம் ஒதுக்கி, பாதிக்கு மேல பிராசஸருக்கே கொட்டறாங்க. மீதியில் கண்ணாடி கேஸ், கலர் கலரா விளக்கு. மதர்போர்டு? "இருக்கறதிலயே சீப்பா ஒண்ணு போடு மாப்ள"ன்னு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு போன்.

ஏங்க, இது தாம்பரமா? போர்ட் பிளேர் (2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம், என் நாக்குதான் இன்னும் பழகல). சுத்தி உப்புக்காத்து. ஈரமும் உப்பும் சேர்ந்தா செம்பை அரிக்கும். அடி வாங்கறது போர்டு. அது போனா சென்னைக்குக் கப்பலில் மூணு நாள். வாரன்டியில் மாத்தித் திரும்பி வர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்.

பி.காம். படிச்சவன் கணக்கு, கேளுங்க. போர்டுதான் மூலதனம். இன்டெல் 2020-ல் விட்ட எல்ஜிஏ 1200 சாக்கெட் ரெண்டே தலைமுறை. 2021 கடைசியிலயே 1700 வந்தாச்சு. ஏஎம்டியின் ஏஎம்4, 2017-ல் ரைசனோடு கடைக்கு வந்தது. அந்தப் பழைய போர்டுகள் பலதில் பயோஸை மட்டும் புதுப்பிச்சு 2022-ல் வந்த சிப்பைப் போட்டாங்க. இப்ப வாங்கினா ஏஎம்5, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5. ஸ்கூல் பையனுக்கு இதுவே ஜாஸ்தி. பேருக்குப் பின்னால 'எஃப்' இருந்தா தனி கார்டு கேட்கும், ஜாக்கிரதை.

கேஸுக்கு முன்பக்கம் வலை இருக்கணும், கழட்டிக் கழுவற ஃபில்டர் இருக்கணும். விளக்குக் காசில் யூபிஎஸ் வாங்குங்க. கரண்டு பெரும்பாலும் டீசலில் ஓடற தீவு இது.