வெள்ளித் தண்டும் மஞ்சள் சீட்டும்

ஒரு பெருநூலைக் கொல்வதற்கு அதனைத் தீயிலிட வேண்டுவதில்லை. அதைச் சுருக்கி, சுருக்கியதை நீதிக்கதையாக்கி, அந்நீதிக்கதையைப் பள்ளி ஆண்டு விழா மேடையில் ஏற்றிவிட்டால் போதும். பிரெஞ்சுப் பேராசான் விக்டர் யூகோ 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லே மிசெராப்ல்’ என்னும் மாபெரும் நாவலுக்கு நம் நாட்டில் நேர்ந்த கதி இதுவே. கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரில் அதனைத் தமிழுக்குக் கொணர்ந்தார். அதே பெயரில் 1950ஆம் ஆண்டில், கே. ராம்நாத் இயக்க, நாகையா நடிக்கத் திரைப்படமும் வந்தது. அதில் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு, ‘ஜாவர்’ என்பது பெயரோடு ஒட்டிய பட்டமாகவே நிலைத்துவிட்டது. இத்தனை நெருக்கம் இருந்தும், இந்நூலைப் பற்றி நம்மவரிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் விடை ஒன்றே: “ஓ, அந்தப் பாதிரியாரும் வெள்ளி மெழுகுவத்தித் தண்டும்!”

இவ்விடைக்குக் காரணம் உண்டு. நாவலின் தொடக்கப் பகுதியிலிருந்து ஒரேயொரு நிகழ்ச்சியை எடுத்து நார்மன் மக்கின்னல் என்பார் ஓர் ஓரங்க நாடகம் எழுதினார். அது நம் பள்ளிகளின் ஆங்கிலப் பாடநூல்களில் இடம்பெற்றுத் தலைமுறை தலைமுறையாக நடிக்கப்பட்டது. திருடன் வந்தான்; பாதிரியார் உணவளித்தார்; திருடன் வெள்ளியைத் திருடினான்; பாதிரியார் மன்னித்தார்; திருடன் திருந்தினான்; திரை விழுந்தது; கைதட்டல் எழுந்தது. ஆக, உலகத்துக்கு வேண்டியவர் நல்ல பாதிரியார் ஒருவரே என்ற மனநிறைவோடு அனைவரும் வீடு திரும்பலாம்.

யூகோ எழுதியது அக்கதை அன்று என்பதே நம் வழக்கு. கருணையின் சிறப்பை விளக்க ஐந்து பாகங்கள் கொண்ட நாவல் வேண்டுவதில்லை. நான்கு பக்கம் போதும். சட்டமும் வழக்கமும் சேர்ந்து மனிதனை எவ்வாறு ஊருக்குப் புறம்பாக்குகின்றன என்பதைக் காட்டவே அவர் அந்நூலை எழுதினார். நூலின் முகப்பில் அவரே சுருக்கமாக அதனைச் சொல்லியும் இருக்கின்றார். 1845இல் தொடங்கி, 1848இன் புரட்சியால் நிறுத்தி, நாடு கடந்து கெர்ன்சித் தீவில் வாழ்ந்த காலத்தில் 1860இல் மீண்டும் கையிலெடுத்து முடித்த நூல் அது. அவர் வரைந்த பாரிஸ், 1832ஆம் ஆண்டின் பாரிஸ். வாந்திபேதி அவ்வொரே ஆண்டில் ஏறத்தாழ 18,000 உயிர்களைக் கொண்டுசென்ற பாரிஸ். நூல் வெளிவந்தபோது ஓஸ்மான் என்னும் ஆட்சியர் அப்பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்துக்கொண்டிருந்தார். எனவே இது மறைந்துகொண்டிருந்த ஒரு நகரைப் பற்றிய வரலாற்று நாவல். ஆனால் இதன் நாயகர் மன்னரல்லர். விடுதலை பெற்ற கைதியும், பற்களை விற்ற தாயும், தெருவில் வளர்ந்த சிறுவனுமே.

தாள் செய்த விலக்கு

ஜீன் வால்ஜீன், தமக்கையின் ஏழு குழந்தைகள் பசித்திருக்க, 1795ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு ரொட்டியைத் திருடியவன். ஐந்தாண்டுத் தண்டனை, தப்ப முயன்ற குற்றங்களால் 19 ஆண்டாகப் பெருகியது. தூலோன் சிறையில் அவன் பெயர் போய், 24601 என்ற எண் வந்தது. 1815இல் விடுதலையாகும்போது, 171 பிராங்கு கூலி வரவேண்டும் என்பது அவன் போட்டிருந்த கணக்கு. ஞாயிறும் திருநாளும் கழிக்கப்பட்டு, பிற பிடித்தங்களும் போக, கையில் வந்தது 109 பிராங்கும் 15 சூவும். சம்பளப் பட்டியலில் பிடித்தத் தொகையை ஒவ்வொரு திங்களும் உற்றுநோக்கும் நம் போன்றோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிட முடியுமா?

பணத்தோடு அவனுக்கு ஒரு மஞ்சள் கடவுச்சீட்டும் தரப்பட்டது. அவன் யார், என்ன குற்றம் செய்தான், எத்தனை ஆண்டு சிறையிலிருந்தான் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். தீஞ் என்னும் ஊருக்கு வந்தவன், விதிப்படி முதலில் நகர மன்றத்துக்குச் சென்று அதனைக் காட்டினான். அதன் பின்னரே விடுதிக்குப் போனான். பணம் இருந்தது, பசியும் இருந்தது. விடுதிக்காரன் ஒரு சிறுவனிடம் துண்டுச்சீட்டு எழுதி நகர மன்றத்துக்கு அனுப்பினான், விடை வந்தது, சோறில்லை என்றான். மற்றொரு விடுதியிலும் அதே விடை. சிறைச்சாலைக் கதவைத் தட்டினான், அங்கும் இடமில்லை. நாய்க்கூண்டில் புகுந்தான், நாய் துரத்தியது. கவனியுங்கள்: விதியை மீறியதால் அவன் விரட்டப்படவில்லை. விதியைப் பின்பற்றிச் சீட்டைக் காட்டியதாலேயே விரட்டப்பட்டான். அதற்கு முன்னரே கிராஸ் ஊரில் கூலி வேலை செய்தபோதும், முப்பது சூ பெறவேண்டியவனுக்கு மஞ்சள் சீட்டைக் காரணமாக்கிக் குறைத்தே கொடுத்தார்கள். மெழுகுவத்தித் தண்டை நினைவில் வைத்திருப்போர் இந்தச் சீட்டை மறந்தது எங்ஙனம்?

இது தொலைதேசத்துப் புதுமை அன்று. வெள்ளையர் 1871இல் இயற்றி, 1911 முதல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், கள்ளர் முதலிய சமூகத்தார் வெளியூர் செல்லக் கையில் ஏந்திய ராதாரிச் சீட்டும் அம்மஞ்சள் சீட்டின் உடன்பிறப்பே.

நல்லவர் மட்டும் போதுமா?

“மனிதர் நல்லவரானால் எல்லாம் சரியாகும்” என்பார் உளர். அவர்களுக்கு யூகோ அந்நாவலிலேயே விடை தந்திருக்கின்றார். பாதிரியாரால் திருந்திய வால்ஜீன், பெயரை மாற்றிக்கொண்டு வேறோர் ஊரில் தொழிற்சாலை நிறுவி, நகரத் தலைவராகவும் உயர்கின்றான். அவனைவிட நல்ல முதலாளி எங்கேனும் உண்டா? அந்த நல்லவனின் தொழிற்சாலையிலேதான் பான்டீன் என்னும் இளம்பெண் வேலை செய்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. வெளியூரில் வளரும் தன் குழந்தைக்காகக் கடிதம் எழுதுவோனிடம் சென்று எழுதுவித்தாள். அவன் மதுக்கடையில் அவள் மறைவைச் சொல்லிவிட்டான். மணமாகாமல் குழந்தை பெற்றவள் என்று தெரிந்ததும், மேற்பார்வையாளர் அவளை வேலையினின்று நீக்கினார். அதுவும் நகரத் தலைவரின் பெயராலேயே. நகரத் தலைவருக்கு அதுபற்றி ஏதும் தெரியாது. கூந்தலை விற்றாள், முன்பற்களை விற்றாள், முடிவில் தன்னையே விற்றாள்.

நல்லவன் ஒருவன் உச்சியில் அமர்ந்திருக்கின்றான். அவன் பெயராலேயே கீழே ஓர் உயிர் தெருவில் எறியப்படுகின்றது. அலுவலகம் என்பது யாது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் நாம் வேறெந்த இலக்கியத்திலும் கண்டதில்லை.

இது வெறும் கற்பனையும் அன்று. 1841ஆம் ஆண்டு சனவரியில், பாரிஸ் தெருவில் நின்ற ஒரு விலைமகளின் முதுகில் செல்வ இளைஞன் ஒருவன் பனிக்கட்டியைத் திணித்ததை யூகோ நேரில் கண்டார். அவள் கத்தினாள், காவலர் வந்து அவளைப் பிடித்துச் சென்றனர், இளைஞனை விட்டுவிட்டனர். பிரெஞ்சுக் கழகத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாள்களிலேயே நடந்தது இது. விலைமகளுக்காகக் காவல் நிலையம் செல்வது தம் பெயருக்கு இழுக்காகுமோ என்று தயங்கியவர், முடிவில் சென்றார், கண்டதைச் சொன்னார், சொன்னதன் கீழ்க் கையொப்பமும் இட்டார். அவள் விடுவிக்கப்பட்டாள். பான்டீனின் கைதுக் காட்சிக்கு ஊற்று அதுவே. ஒரு தாள் மனிதனைப் புறந்தள்ளும். ஒரு கையொப்பம் அவனை உள்ளே அழைக்கும். இரண்டையும் யூகோ அறிந்திருந்தார்.

ஜாவரின் கடைசிக் குறிப்பு

இனி ஜாவருக்கு வருவோம். திரையில் அவர் கொடியவர். நூலிலோ கொடியவர் அல்லர். கையூட்டு வாங்காதவர், தமக்கென ஏதும் தேடாதவர், விதியைத் தவிர வேறு தெய்வம் அறியாதவர். அவரே சிறையில் பிறந்தவர். தந்தை கைதி, தாய் குறி சொல்பவள். ஊருக்குப் புறம்பாகப் பிறந்த அவர், ஊரின் வாயிலைக் காப்பதன்றித் தமக்கு ஊருக்குள் வேறிடமில்லை என்று கண்டார். எனவே தம்மைப் போன்றோரை எவரினும் கடுமையாக விரட்டினார்.

முடிவில் வால்ஜீன் அவருக்கு உயிர்ப்பிச்சை அளிக்கின்றான். கைது செய்தால் நன்றி கொல்வது. விட்டால் சட்டத்தைக் கொல்வது. ஜாவர் என்ன செய்தார்? சேன் ஆற்றில் விழுந்தார் என்பது எல்லார்க்கும் தெரியும். விழுமுன் அவர் செய்ததைப் பலர் அறியார். காவல் நிலையத்துக்குள் சென்று, மேசையின் முன் அமர்ந்து, பணியின் நலன் கருதிச் சில குறிப்புகள் என்று தலைப்பிட்டு, தம் மேலதிகாரிக்குப் பத்து அம்சங்கள் கொண்ட குறிப்பு ஒன்றை எழுதினார். விசாரணை முடிந்து வரும் கைதிகளைச் சோதிக்கும்போது வெறுங்காலோடு கல் தரையில் நிறுத்துகின்றனர். பலர் இருமலோடு திரும்புகின்றனர். நெசவுக்கூடத்தில் ஓர் இழை அறுந்தால் கைதியின் கூலியில் பத்து சூ பிடிக்கின்றனர். துணிக்கு அதனால் கேடில்லை. இது ஒப்பந்தக்காரரின் முறைகேடு. கைதியின் பெயரைத் தெளிவாகக் கூப்பிடுவதற்கு இரண்டு சூ வாங்குகின்றனர், இது திருட்டு. இவ்வாறு செல்கின்றது அக்குறிப்பு. இதில் புரட்சி இல்லை, கண்ணீர் இல்லை, அலுவலக நடையில் பத்து வரிசை எண்கள், அவ்வளவே.

நம் வினா இதுதான். கல் தரையில் வெறுங்காலோடு நின்றவர்களை ஜாவர் அன்றிரவுதான் கண்டாரா? ஆண்டுக்கணக்காகக் கண்டவர் அல்லரா? அந்தப் பத்தில் ஒன்றை எழுத விதி என்றேனும் அவரைத் தடுத்ததா? தடுக்கவில்லை. “விதிப்படி நடக்கும் சிற்றதிகாரி வேறென்ன செய்யக்கூடும்?” என்று கேட்போருக்கு விடை அக்குறிப்பிலேயே உள்ளது. செய்யக்கூடியதை எல்லாம் அவர் அறிந்திருந்தார். ஆற்றில் விழும் இரவு வரை ஒத்திவைத்தார்.

வெட்டப்பட்ட சாக்கடை

சுருக்கப் பதிப்பாளர் முதலில் வெட்டி எறிவது, பாரிஸ் நகரின் பாதாளச் சாக்கடையைப் பற்றிய பகுதியை. “கதைக்கு அது தேவையா?” என்பர். பெரிதும் தேவை. காயமுற்ற மாரியஸைத் தோளில் சுமந்து வால்ஜீன் நடப்பது அச்சாக்கடையில்தான். புருன்சோ என்னும் அதிகாரி 1805இல் துணிந்து இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வரைபடம் எழுதும் வரை, அந்நகரம் தன் அடிவயிற்றைத் தானே அறியாதிருந்தது. நிலத்துக்கு உரமாக வேண்டியதை ஆற்றில் கொட்டி அந்நகரம் பெருஞ்செல்வத்தை இழக்கின்றது என்று யூகோ வாதிடுகின்றார். கழிவென்று நகரம் எறிவது கழிவன்று. பொருளுக்கும் அது பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும். அதனை வெட்டியவர்கள் நூலின் பக்கங்களை வெட்டவில்லை. அதன் வாதத்தையே வெட்டினர்.

தில்லியில் வாழும் தமிழர்க்கு இவ்வாதம் அயலானதன்று. ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா கழிவோடைக் கரையில் ‘மதராசி கேம்ப்’ என்னும் குடியிருப்பு பல பத்தாண்டுகள் இருந்தது. தமிழகத்தினின்று பிழைப்புத் தேடி வந்து, வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்தோர் வாழ்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட குடில்கள். 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், உயர் நீதிமன்ற ஆணைப்படி அவை இடிக்கப்பட்டன. ஓடை தூர் வாரப்பட வேண்டும், மழைவெள்ளம் வடிய வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். அதன் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்தோர் இரு பட்டியலாகப் பிரிந்தனர். ஆவணத்தால் தகுதி பெற்றோர்க்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு. தகுதிப் பட்டியலில் இடம்பெறாதோர்க்கு அதுவும் இல்லை. ஒரே சந்தில், ஒரே குழாயடியில் வாழ்ந்தோரைப் பிரித்தது மனிதரின் குணமன்று, தாள்.

அத்தாளைக் கையாள்வோர் யார்? கொடியவர்களா? அல்லர். நம்மைப் போலவே காலை பேருந்தைப் பிடித்து, மேசையில் அமர்ந்து, விதிப்படி குறிப்பெழுதுவோர். நடுவணரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நாம் மெழுகுவத்தித் தண்டுக் கதையையே விரும்புவதன் பொருளும் இங்கே விளங்குகின்றது. அக்கதையில் நாம் பாதிரியாராகலாம். திருநாளன்று பழந்துணி கொடுத்து மனம் குளிரலாம். முழு நூலில் நமக்குரிய இடமோ மேற்பார்வையாளரின் நாற்காலியும் ஜாவரின் மேசையும்.

ஆதலின் சங்கத்து அன்பர்க்கு நாம் சொல்வது இரண்டு. ஒன்று, நம் பிள்ளைகளுக்குச் சுருக்கத்தைக் கொடாமல், சாக்கடையும் மஞ்சள் சீட்டும் உள்ள முழு நூலைக் கொடுங்கள். சங்க நூலகத்தில் அதற்கோர் இடம் வேண்டும். மற்றொன்று, தமிழர் குடிலாயினும் பிறர் குடிலாயினும், மனுவை நிரப்பத் தெரியாமல், எந்தத் தாளை எந்தச் சாளரத்தில் கொடுப்பது என்றறியாமல் நிற்போர் பலர். பான்டீனுக்கு வாய்த்த கடிதக்காரன் அவளைக் காட்டிக்கொடுத்தான். எழுதத் தெரிந்த நாம் ஞாயிறு தோறும் சங்கக் கூடத்தில் ஒரு மேசையிட்டு அமர்ந்தால், நூறு பான்டீன்களுக்கு நம்பத்தக்க கடிதக்காரராகலாம். அலுவலகத்திலும், விதி இடந்தரும் எல்லைக்குள், வெறுங்காலோடு நிற்போரைப் பற்றி ஒரு குறிப்பேனும் எழுதலாம்.

ஜாவர் அதனைத் தம் கடைசி இரவில் எழுதினார். நாம் நாளை காலை பத்து மணிக்கே எழுதுவோமாக.