உளி வேணாம்... கண்ணு வேணும்!



சேலம், நாமக்கல் பக்கம் காலேஜ் படிக்கிறீங்களா? கம்ப்யூட்டர்ல த்ரீடி கேரக்டர் செதுக்கி, கேம் கம்பெனியிலோ சினிமா கிராஃபிக்ஸிலோ சேரணும்னு ஆசையா? கோர்ஸ் ஃபீஸுக்கு அப்பாகிட்ட கை நீட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ரெண்டாவதுக்கு பஸ் டிக்கெட் போதும்.

முதல் வேலை, பிளெண்டர். இலவச சாஃப்ட்வேர். 2002-ல் இதை வைத்திருந்த கம்பெனி படுத்துவிட்டது. உருவாக்கிய டோன் ரூசெண்டால் ஏழே வாரத்தில் பொதுமக்களிடம் 1 லட்சம் யூரோ திரட்டி, பிளெண்டரை மீட்டு எல்லாருக்கும் பொதுவாக்கினார். டவுன்லோடு பண்ணி ஃபைல், நியூ, ஸ்கல்ப்டிங்னு போங்க. திரையில் ஒரு உருண்டை வந்து உட்காரும். அதான் உங்க களிமண்! க்ளே பிரஷ்ஷால் தேய்த்தால் மேடு. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு தேய்த்தால் பள்ளம். ஷிஃப்ட்டை அழுத்தினால் வழவழ.

அந்த உருண்டை உண்மையில் குட்டிக் குட்டிக் கட்டங்களால் ஆன வலை. ஒருமுறை பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் நான்காகும். 6 பக்கம் உள்ள ஒரு பெட்டி 24 ஆகும், அப்புறம் 96. ஆறாவது முறை பிரித்தால் 24,576! கட்டம் கூடக்கூட நுணுக்கம் வரும், சிஸ்டமும் மூச்சு வாங்கும். அதனால் குறைந்த கட்டத்திலேயே மண்டை, தாடை, கழுத்தைச் சரியாக்கணும். சுருக்கம், தழும்பெல்லாம் கடைசியில்தான். ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கும் ஸீபிரஷ்ஷுக்கு சந்தா கட்டணும். ஆனா அடிப்படை ஒண்ணுதான்.

புதுசா செதுக்குறவங்க சறுக்குற இடம் எது தெரியுமா? முன்னாடி பார்த்தா முகம் சூப்பர். பக்கவாட்டில் திருப்பினா தோசை! அதுக்குத்தான் ரெண்டாவது வேலை.

சேலத்திலிருந்து தாரமங்கலத்துக்கு பஸ் ஏறுங்க. கெட்டி முதலிகளின் கைலாசநாதர் கோயில். ராமர் ஒரு தூணில், வாலி இன்னொரு தூணில். ராமர் பக்கம் நின்றால் வாலி தெரிவார். வாலி பக்கம் போனால் ராமர் மறைந்துவிடுவார். எந்தக் கோணத்தில் எது தெரியணும்னு கணக்குப் போட்டே செதுக்கியிருக்காங்க! அங்கேயே சிங்கத்தின் வாயில் ஒரு கல் உருண்டை. உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. நாம தனி உருண்டை செய்து வாய்க்குள் நகர்த்திடுவோம். அந்தச் சிற்பி அதே கல்லைக் குடைந்து உருண்டையைப் பிரித்திருக்கிறார். அவருக்கு 'அன்டூ' பட்டனும் கிடையாது.

ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்து, முன்னால், பக்கவாட்டில், கீழிருந்து என மூன்று கோணத்தில் நோட்டில் வரையுங்க. வீட்டுக்கு வந்து அதையே உருண்டையில் செதுக்குங்க.

ஏன் இவ்வளவு பாடு? 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் சரிந்தபோது, பெங்களூருவிலும் மும்பையிலும் அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். இந்தப் போட்டியில் வெறும் சர்டிஃபிகேட் எடுபடாது. நீங்க செதுக்கினதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ஆள் எடுப்பாங்க.

பத்து சிங்கத் தலை முடிங்க. பதினொண்ணாவதுக்கும் கை துறுதுறுன்னா, அப்போ அப்பாகிட்ட ஃபீஸ் பத்திப் பேசுங்க. பத்துத் தலையையும் காட்டிட்டுப் பேசுங்க!